பதிமூன்றாம் படி ஜன்னல்

அந்தத் தெருவில் ஒட்டினாற்போலப் பதினோரு வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பாதி இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. கூரை ஒரே கோட்டில் ஓடும், முன்பக்கச் செங்கல் ஒரே நிறம், கதவுக்கு மேலே வளைவு எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆள் ஒரே மூச்சில் கட்டிய வரிசை என்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அழகுதான். குடியிருக்கிறவர்களுக்கு அது மனுப் போட்டுக் காப்பாற்ற வேண்டிய அழகு. முப்பது வருஷத்துக்கு முன்பே அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வீடு நம்முடையது, அதன் முகம் மட்டும் அரசாங்கத்துடையது.

ஏழாம் எண் வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பத்துநான்கு வருஷம் ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். சிவப்பு விளக்கு எரிந்தால், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பவர். மனைவி தையல்காரி. மாடி அறையில் அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இரண்டு பேருக்கு அந்த வீடு தாராளம் என்றுதான் இருந்தார்கள், நான்கு மாதத்துக்கு முன்னால் அக்கா வந்து சேரும்வரை.

அக்கா என்றால் மனைவிக்குக் கூடப் பிறந்த அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கைக்குப் பதினோரு வயது. அவளை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்து, அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தை மறந்துபோனவர். கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அடித்த காகிதத்தில் ஒரு பிழை கண்டுபிடித்த நீதிபதி கிடையாது என்று அவரே சொல்வார். அறுபத்தெட்டு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனது. தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தங்கை போய் மூட்டை முடிச்சோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முன் கூடத்தில் கட்டில் போட்டுத் திரை கட்டினார்கள். அதெல்லாம் சரி, ஆனால் குளியலறையும் கழிப்பறையும் மாடியில். அந்தக் காலத்தில் கட்டியவனுக்கு இடுப்பு முறியும் என்ற யோசனையே இருந்திருக்காது போல. மொத்தம் பதினேழு படி. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியே தெருப்பக்கமாகப் பதிமூன்று படி ஏறும். அங்கே முன்சுவரில் முட்டி ஒரு திருப்பம். அதற்கு மேல் நாலு படி. தினம் காலையில் டிரைவர் பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுப்பார், மனைவி பின்னால் இடுப்பைத் தாங்குவாள். அக்கா ஒவ்வொரு படியையும் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே ஏறுவார். பதிமூன்றில் நிற்பார். அங்கே ஒரு சின்ன ஜன்னல், நாலு கண்ணாடி போட்டது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி மூச்சு வாங்குவார். பிறகு "பதினாலு" என்பார்.

மூன்று மாதம் பொறுத்தார். ஒருநாள் இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்தார்.

"இங்க பாருங்க தம்பி. மூட்டையை ரெண்டு பேர் தூக்கலாம். மனுஷியைத் தூக்கக் கூடாது. முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டேன். கீழ்த்தளத்துலயே படுக்கை, பக்கத்துலயே பாத்ரூம். ரெண்டு மாசம் எனக்காக வெச்சிருப்பாங்களாம்."

"அக்கா!" என்று மனைவி எழுந்தே விட்டாள்.

"உட்காருடி. கோபதாபம் ஒண்ணும் இல்லை. கீழ ஒரு ரூமும் பாத்ரூமும் இருந்தா இருக்கேன். இல்லேன்னா போறேன். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

அவர் அழவில்லை. தங்கைதான் அன்று முழுக்கத் தைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் டிரைவரிடம் சொன்னாள்: "என்னை ஒருநாள் கூட வேற இடத்துல விட்டதில்லைங்க அவ. இப்ப நான் அவளை விடணுமா?" டிரைவர் மறுநாள் காலையில் முதல் வேலையாக மேஸ்திரியைக் கூட்டி வந்தார்.

மேஸ்திரி பின்பக்கத்துக் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சமையலறைக்குப் பின்னால் பதினொன்றுக்கு எட்டு அடியில் ஒரு அறை, அதை ஒட்டிக் குளியலறை. வாசல்படி இல்லாமல் சமதளம், சுவரில் கைப்பிடி. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல் தெரியாது. "ஆறு வாரம் குடுங்க, முடிச்சுத் தரேன்" என்றார். "ஆனா அந்த ஆபீஸ் அனுமதிக் காகிதம் வந்தாத்தான் கடப்பாரையைத் தொடுவேன். போன தடவை தொட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

காகிதத்துக்காக ஒரு அதிகாரி அம்மா வந்தார். நல்ல மாதிரியான பெண். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கொல்லையை அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், செங்கல் இந்த நிறம், காரை சுண்ணாம்பு, ஜன்னல் மரம், கூரை இந்தச் சரிவு என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எல்லாவற்றுக்கும் மேஸ்திரி தலையாட்டினார். டிரைவருக்கு உச்சி குளிர்ந்தது. டீயைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். அங்கேதான் அந்த அம்மா திரும்பி முன்சுவரை அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை.

"அந்தப் படிக்கட்டு ஜன்னலை உள்ள வந்து பார்க்கலாமா?"

அவரும் டிரைவரும் மனைவியும் பதிமூன்று படி ஏறினார்கள். அதிகாரி அம்மா சட்டத்தை உள்ளங்கையால் தடவினார். விளிம்புச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதை யாரும் தொடலையே?"

"யாரும் தொடலைங்க" என்றாள் மனைவி, கேள்வி முடிவதற்குள்.

"இந்த வரிசையில இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. மத்த வீடுகள்ல எல்லாம் எப்பவோ அடைச்சிருக்காங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ எங்க பதிவேட்டுலயே இருக்கு. ஆனா நேர்ல பார்க்கறப்ப... பாருங்க, இடது பக்கம் ஒரு விரற்கடை சரிஞ்சிருக்கு. கண்ணாலயே அளந்து வெச்சிருக்காங்க. இந்தக் கை இப்ப யாருக்கு வரும்?"

டிரைவருக்குப் புரை ஏறியது. மனைவி அவர் முதுகைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

உண்மை என்னவென்றால், அந்தக் கை டிரைவருடைய கை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் திருப்பத்தில் ஜன்னலும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. பட்டப்பகலிலும் தடவித் தடவித்தான் ஏற வேண்டும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், அங்கே ஒரு பல்பாவது போடுங்கள் என்று. அவரும் போடறேன் போடறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டினார். ஒருநாள் தைத்த துணிகளைக் கழுத்துவரை அடுக்கிக்கொண்டு இறங்கியவள், திருப்பத்தில் படியைத் தவறவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தையல்காரிக்கு வலது கை போனால் என்ன இருக்கிறது? அவள் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஒரு பல்பை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். சொல்லாததால்தான் சுவரையே உடைத்தார்.

கைக்கட்டோடு அவள் அக்கா வீட்டில் இருந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலை நடந்தது. பழைய சாமான் கடையில், இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த சின்ன ஜன்னல் கிடைத்தது. பழைய செங்கல்லும் அங்கேயே கிடைத்தது. பழைய செங்கல்லுக்குச் சிமெண்ட் ஒத்துவராது என்று கடைக்காரர் ஒரு மூட்டைச் சுண்ணாம்பையும் அவர் தலையில் கட்டினார். தெருப்பக்கம் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, டிரைவர் உடைத்தார், அடுக்கினார், பூசினார். நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம் என்று ஒரு கருவி இருப்பதே அவருக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்த மனைவி திருப்பத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "கொஞ்சம் சாஞ்சிருக்கே" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இது சட்டத்துக்குப் புறம்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. கோர்ட்டில் வேலை பார்க்கிறவரிடம் போய் யார் இதைச் சொல்வார்கள்? வருஷம் போகப் போக அவர்களே அதை மறந்தார்கள். ஆனால் இப்போது போட்ட மனுவில் பதினெட்டாவது வரி, தன் காலத்தில் வீட்டின் முன்பக்கத்தில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று உறுதி கேட்டது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை மூன்று முறை படித்தார். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், தவறு என்று தெரியவந்தால் விசாரணை முடியும்வரை எல்லா வேலையும் நிறுத்தப்படும் என்று போட்டிருந்தது. அதையும் படித்தார். கையெழுத்துப் போட்டார். ஜன்னலை எண்ணினால், அவர் வாழ்க்கையில் தாண்டிய இரண்டாவது சிவப்பு விளக்கு அது.

அனுமதி பத்தே நாளில் வந்தது. படிக்கட்டு ஜன்னலைப் பழுது பார்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு வந்தது. மேஸ்திரி அஸ்திவாரம் தோண்டினார். மூன்றாவது வாரம் சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக் கதவுவரை வந்து எட்டிப் பார்ப்பார். இல்லத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை மட்டும் இன்னும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அதைத் தங்கை கட்டிலைத் தட்டிப் போடும்போதெல்லாம் பார்த்தாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வங்கிக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனுஷர். ஏறக்குறைய முப்பது வருஷமாகப் பக்கத்து வீடு. பார்த்தால் சிரிப்பார், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், அதோடு சரி. அவர் வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. ஓடு மாற்ற மனுப் போட்டிருந்தார். வந்த பதிலைத்தான் கையில் வைத்திருந்தார். கூரை வேலைக்கு அனுமதி உண்டு. ஆனால் ஏழாம் எண் வீட்டில் உள்ளதுபோல, அடைக்கப்பட்டிருக்கும் படிக்கட்டு ஜன்னலையும் மீட்டு, அதே அளவில், அதே சரிவில் வைக்க வேண்டும்.

டிரைவர் அதைப் படித்தார். கடைசி வரி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அந்த இடத்துல என் புத்தக அலமாரி இருக்கு சார். நானே செஞ்சது" என்றார் வங்கிக்காரர். "சுவத்தைத் தட்டிப் பார்த்தேன். அடைச்ச மாதிரி தெரியலை. அதான் உங்ககிட்ட கேட்கலாம்னு வந்தேன். உங்க ஜன்னல் ஆரம்பத்துலேருந்தே இருக்கா?"

கேட்டுவிட்டு டிரைவரின் முகத்தையே பார்த்தார். கூடத்துத் திரைக்குப் பின்னால் அக்காவின் கட்டில் கிரீச்சிட்டது.

"நாங்க வரும்போதே இருந்தது சார்" என்றார் டிரைவர்.

"அப்படியா" என்றார் வங்கிக்காரர். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டிரைவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆபீசில் பொய் சொல்வது வேறு. ஆபீஸ் ஒரு மேஜை, ஒரு முத்திரை. முப்பது வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷனிடம் கண்ணைப் பார்த்துச் சொல்வது வேறு. மாடியில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று மனைவியிடம் சொன்னார்.

"அவர் அலமாரியைப் பிரிக்கணும், சுவத்தை உடைக்கணும். எல்லாம் நான் பண்ணின வேலையால. நான் போய் ஆபீஸ்ல சொல்லிடறேன்."

மனைவி மெஷினை நிறுத்தினாள். "சொல்லிட்டு?"

"வேலையை நிறுத்துவாங்க. விசாரிப்பாங்க."

"எத்தனை நாள்?"

டிரைவர் அதை மேஸ்திரியிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். வேறொரு தெருவில் இப்படி ஒரு விசாரணை ஒன்றரை வருஷம் நடந்தது, கட்டின சுவரில் செடி முளைத்துவிட்டது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இல்லத்தில் படுக்கை இந்த மாதக் கடைசிவரைதான்.

"ரூம் நின்னா அக்கா போயிடுவா" என்றாள் மனைவி. "நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டீங்கன்னு தெரிஞ்சா இன்னைக்கே போயிடுவா. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? உங்க மனசு சுத்தமாகணும்னா தாராளமாப் போய்ச் சொல்லுங்க. ஆனா அதுக்கு விலை குடுக்கறது அவளா இருக்கும்."

அவர் இறங்கிப் போய் மேஸ்திரிக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியும் எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்கு வந்தவர், வங்கிக்காரர் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தார். எல்லாவற்றிலும் புத்தகங்கள். அலமாரியின் பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் பென்சிலால் நம்பர் போட்டிருந்தது, எங்காவது மறுபடி மாட்டலாம் என்ற நினைப்பில். அந்த நம்பர்களைப் பார்த்ததும் டிரைவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திறந்திருந்த கதவு வழியாக நேரே உள்ளே போய்விட்டார்.

வங்கிக்காரர் தன் வீட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தில், வெறும் சுவருக்கு எதிரில் ஒரு சுத்தியலோடு நின்றிருந்தார். டிரைவர் கீழ்ப்படியில் நின்றபடியே சொன்னார்.

"சார், நிறுத்துங்க. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்த ஜன்னலை வெச்சது நான்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி. பர்மிஷன் கிர்மிஷன் எதுவும் இல்லை. பழைய சாமான் கடை ஜன்னல். உங்க சுவத்துல அடைச்ச ஜன்னல் எதுவும் கிடையாது. எந்த வீட்டுலயும் கிடையாது."

"தெரியுமே" என்றார் வங்கிக்காரர்.

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "தெரியுமா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? மூணு ஞாயித்துக்கிழமை இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் உடைச்சீங்களே. தார்ப்பாய் போட்டா தெருவுக்குத் தெரியாது. சுவத்துக்குத் தெரியாதா? முதல் ஞாயிறு உங்க கட்டைவிரல்ல அடிச்சுக்கிட்டீங்க. என்னென்ன வார்த்தை சொன்னீங்கன்னு எங்க வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுவா."

டிரைவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வங்கிக்காரரும் இறங்கி வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார்.

"அந்த ஜன்னலால நான் இருபத்தாறு வருஷமா வாங்கிக் கட்டிக்கறேன் சார். 'பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்க, பொண்டாட்டி விழுந்தான்னு சுவத்தையே உடைச்சார். உங்ககிட்ட ஒரு பல்பு கேட்டா அலமாரி செய்யறீங்க'ன்னு."

"அப்புறம் எதுக்கு சார் என்கிட்ட வந்து கேட்டீங்க? ஆபீஸ்ல ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா உங்க அலமாரி தப்பிச்சிருக்குமே."

"எழுதத்தான் உட்கார்ந்தேன்." அவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டார். "பாதி எழுதியும் ஆச்சு. சரி, முதல்ல உங்களைக் கேட்போம், நீங்களே சொல்லிட்டா நல்லதுன்னு வந்தேன். நீங்க பொய் சொன்னீங்க. கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில மீதியை எழுத உட்காரும்போது மேல ஏற ஆரம்பிச்சாங்க."

"யாரு?"

"உங்க அக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. தினம் கேக்கறதுதான். அவங்க எண்ணி முடிக்கறவரைக்கும் நாங்க டீ குடிக்கறதில்லை. பதிமூணுல நின்னுடும். அப்புறம் பதினாலு வர்றவரைக்கும் கப் கையிலயே இருக்கும். சில நாள் பதினாலு வர ரொம்ப நேரமாகுது சார்."

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மேல பாத்ரூம்ல குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு அழுவாங்க. வெளியில நிக்கற உங்களுக்குத் தண்ணிச் சத்தம்தான் கேக்கும். எங்க பாத்ரூம் அதே சுவத்துல ஒட்டினது. எங்களுக்கு ரெண்டும் கேக்கும்."

டிரைவருக்குத் தெரியாது. நாலு மாதமாக அந்தக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றவள் அவர் மனைவி. அவளுக்கும் தெரியாது. அக்காவுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். டிரைவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"அதான் எழுதலை" என்றார் வங்கிக்காரர். "அவங்களுக்குக் கீழ ரூம் வரட்டும். நாங்களும் ஒரு ஜன்னல் வெச்சுட்டுப் போறோம். என்ன இப்போ? படியில எங்களுக்கும் இருட்டுதான்."

"ரூம் முடிஞ்ச மறுநாளே நான் ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன் சார். இந்தத் தெருவுல வேற யாரும் சுவத்தை உடைக்கக் கூடாது."

"சொல்லுங்க. அந்த அம்மா பாவம், போட்டோ எடுத்து எங்கெங்க அனுப்பியிருக்காங்களோ. மெதுவாச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா எங்களுக்குக் கேக்குதுன்னு மட்டும் உங்க அக்காவுக்குத் தெரியவே கூடாது. அப்புறம் வாயைத் திறந்து எண்ணக்கூட மாட்டாங்க. அழறதுக்கும் இடம் இருக்காது."

டிரைவர் தலையசைத்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எங்க மேஸ்திரியை அனுப்பட்டுமா?" என்றார்.

"வேண்டாம் சார். அவர் ரசமட்டம் வெச்சு நேரா வெச்சுடுவார். அதே சரிவுன்னு போட்டிருக்காங்க. அந்தச் சரிவை நீங்க எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"நான் எங்க சார் கொண்டு வந்தேன்? அதுவா வந்தது."

இரண்டு பேரும் படியில் நின்று சிரித்தார்கள். உள்ளேயிருந்து வங்கிக்காரரின் மனைவி, "சிரிச்சது போதும், இன்னைக்காவது உடைக்கப் போறீங்களா இல்லையா?" என்றாள்.

அன்று மத்தியானம் டிரைவர் நடந்ததை மனைவியிடம் சொன்னார். குழாய்த் தண்ணீர் விஷயத்தையும் சொன்னார். அவள் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தாள். மூன்று முறை பார்த்துவிட்டு ஊசியை வைத்துவிட்டாள். அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஏறினார்கள். டிரைவர் தோளைக் கொடுத்தார், மனைவி இடுப்பைத் தாங்கினாள். ஏழு, எட்டு என்று அக்கா எண்ணிக்கொண்டிருந்தார். பதிமூன்றில் நின்று ஜன்னல் விளிம்பைப் பிடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. கூடவே செங்கல் உடைந்து விழுகிற சத்தம்.

"என்ன இது, யாரு இடிக்கிறது?"

"பக்கத்து வீட்டு சார்தான் அக்கா. ஜன்னல் வெக்கிறார். ஆபீஸ்ல சொல்லியிருக்காங்களாம்."

"நல்லா வெச்சார். காலங்காத்தால. பக்கத்துல ஒரு நோயாளி இருக்காளே, ஏறி இறங்கறாளேன்னு ஒரு நினைப்பு இருக்கா? முப்பது வருஷம் பேங்க் கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்தவர் இல்லையா, அடுத்தவங்க கஷ்டம் எங்க தெரியப்போகுது!"

"அக்கா, மெதுவா" என்றாள் தங்கை.

"எதுக்கு மெதுவா? கேக்கட்டும்." அக்கா கையை முஷ்டியாக்கிச் சுவரில் மூன்று முறை ஓங்கித் தட்டினார்.

சத்தம் சட்டென்று நின்றது.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு அசைவு இல்லை. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மனைவி பின்னால் அக்காவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாங்குகிறாள் என்று அக்கா நினைத்திருப்பார்.

"பதினாலு" என்றார் அக்கா. "பதினஞ்சு." நின்றார். சத்தம் இல்லை. "பதினாறு." கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். "பதினேழு."

மாடித் தரையில் இரண்டு காலும் பட்டதும், அந்தப் பக்கம் மறுபடி சுத்தியல் விழுந்தது.

"பார்த்தீங்களா? ஒரு அதட்டல் போட்டாத்தான் கேக்கறாங்க" என்றார் அக்கா திருப்தியாக. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "தம்பி, என் ரூம் எப்ப முடியும்?"

"ரெண்டு வாரம் அக்கா. அதுக்குள்ள முடிச்சுடச் சொல்றேன்."

"சொல்லுங்க. பின்பக்கம் போயிட்டா இந்த மனுஷர் தொல்லை இருக்காது. அந்த இல்லத்துக்கும் ஒரு லெட்டர் போட்டுடறேன். படுக்கையை வேற யாருக்காவது குடுக்கட்டும், பாவம், யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அன்று கொஞ்சமாகத்தான் திறந்திருந்தார். டிரைவரும் மனைவியும் கதவுக்கு வெளியே துண்டோடு நின்று, அந்தச் சுவரில் சுத்தியல் விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.